வீரனின் வாளுக்கு வெள்ளிப் பெயிண்ட் வேண்டாம்

மலேசியாவின் கேமரன் மலையிலுள்ள தானா ராத்தாவில் வெயில் ஏறிய பிறகுதான் பெயிண்ட் டப்பாவைத் திறக்க முடிகிறது. ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்து ஊர். விடிந்து வெகுநேரமாகியும் தேயிலைச் சரிவுகளில் மூட்டம் கலைவதில்லை. ஈரம் காயாத சிமெண்டில் எனாமல் பூசினால் சில மாதங்களில் செதில் செதிலாக உரிந்துவிடும். கும்பாபிஷேக வேலைக்காக மயிலாடுதுறைப் பக்கத்திலிருந்து வந்திருந்த வர்ணக்காரர், தோட்டத்துக் கோயில் படியில் உட்கார்ந்து வெயிலுக்காகக் காத்திருந்தார்.

கேமரன் மலையில் ரஸ்ஸல் என்பவர் தொடங்கிய போ தேயிலைத் தோட்டம் 1929-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பாரத் தோட்டம் 1933-இல் வந்தது. காட்டை வெட்டித் தேயிலை நட்ட தமிழர்கள் தாங்கள் குடியிருந்த லயத்துக்குப் பக்கத்திலேயே மாரியம்மனையும், காவலுக்கு முனீஸ்வரரையும் மதுரை வீரனையும் வைத்தார்கள். நான் பார்க்கப் போனது அப்படியொரு மதுரை வீரனை. முழங்கால் உயரச் சுதை உருவம். மார்க்கவசம், கேடயம், வாள், இடைவார், செருப்பு. எல்லாமே சிமெண்ட். அதில் எது இரும்பு, எது பித்தளை, எது தோல் என்று கண்ணுக்குச் சொல்ல வேண்டியது தூரிகைதான்.

தட்டில் கறுப்பு, நீலம், வெள்ளை, காவி, மஞ்சள் மட்டும் இருந்தன. "வெள்ளிப் பெயிண்ட் இல்லையாண்ணே?" என்று கேட்டேன்.

"வெள்ளிப் பெயிண்டு அடிச்சா வெள்ளிப் பெயிண்டாத்தான் தெரியும் தம்பி. இரும்பாத் தெரியாது."

வெள்ளிப் பெயிண்டில் இருப்பது அலுமினியத் துகள். பூசிய இடமெல்லாம் ஒரே மாதிரி மினுங்கும். சின்ன உருவத்தில் மேடும் பள்ளமும் அந்த மினுக்கில் கரைந்துவிடும். மலிவான தங்கப் பெயிண்டில் இருப்பது செம்பும் துத்தநாகமும் கலந்த பொடி. இந்த ஈரத்தில் அது கறுத்து, ஓரங்களில் பச்சை பூக்கும். பத்துமலை முருகனின் கதை வேறு. திருவாரூர்ச் சிற்பி தியாகராஜன் உருவாக்கி 2006 ஜனவரியில் திறக்கப்பட்ட அந்த 42.7 மீட்டர் சிலைக்குத் தாய்லாந்திலிருந்து 300 லிட்டர் தங்கப் பெயிண்ட் வந்தது. அவ்வளவு பெரிய உடம்பில் நிஜச் சூரியனே ஒளியையும் நிழலையும் போட்டுவிடுகிறது. முழங்கால் உயர வீரனுக்கு அதை வர்ணக்காரர்தான் போட வேண்டும்.

வாளில் தொடங்கினார். முதல் பூச்சு கறுப்பில் நீலம் கலந்த சாம்பல். அது காய்ந்ததும் அலகின் நடு முதுகுக்கு மேல்பக்கம் இன்னும் இருட்டாக்கினார். கீழ்ப்பக்கத்தைப் படிப்படியாக வெளுக்கவிட்டார். முதுகுக் கோட்டில் இருட்டும் வெளுப்பும் குழையாமல் நேருக்கு நேர் முட்டின. அந்த இடத்தில்தான் சிமெண்ட் இரும்பானது. பிறகு ஒற்றை மயிர்த் தூரிகையால் விளிம்பு நெடுக ஒரு வெள்ளைக் கோடு. கவசத்தின் ஆணித் தலைகளுக்கு அடியில் கறுப்புப் பிறை, உச்சியில் வெள்ளைப் புள்ளி. பித்தளைக் குமிழுக்குக் கருங்காவி, அதன்மேல் மஞ்சள், கடைசியில் வெள்ளை கலந்த மஞ்சளில் ஒரு துளி. மூச்சை அடக்கிக்கொண்டுதான் அந்தத் துளியை வைத்தார்.

ஐரோப்பாவில் வரலாற்றுப் போர்வீரர்களின் சின்னஞ்சிறு உருவங்களுக்கு வர்ணம் பூசுவது பெரிய கலை. 1893-இல் லண்டனின் பிரிட்டன்ஸ் நிறுவனம் உள்ளீடற்ற ஈயச் சிப்பாய்களை வார்க்கத் தொடங்கியது. அந்தச் சிப்பாய்களின் 54 மில்லிமீட்டர் உயரம் இன்றும் அங்கே புழங்குகிறது. பள்ளங்களில் நீர்த்த கருவண்ணத்தை ஓடவிட்டு, ஏறக்குறைய உலர்ந்த தூரிகையால் மேடுகளை உரசி வெளிச்சமாக்கும் முறையைப் பரப்பியவர்களில் பெல்ஜியத்தின் வெர்லிண்டன் முக்கியமானவர். உலோகப் பெயிண்டே இல்லாமல் உலோகம் காட்டுவதை அங்கே உயர்ந்த தேர்ச்சியாகக் கொண்டாடுகிறார்கள், பரிசளிக்கிறார்கள். அதே தேர்ச்சி நம் கோயில் சாரத்தில் தினக்கூலிக்கு நிற்கிறது. உபயதாரர் கல்வெட்டில் பெயிண்ட் வாங்கிக் கொடுத்தவர் பெயர் இருக்கும், பூசியவர் பெயர் இருக்காது. எனக்கு இது பொறுக்கவில்லை.

செருப்புக்கு வந்தபோது அவர் கை மெதுவானது. மதுரை வீரன் செருப்புத் தைப்பவர் வீட்டில் வளர்ந்த பிள்ளை என்பது கதை. அவன் காலில் இருப்பது அலங்காரமல்ல, வளர்த்தவர்களின் தொழில். இருண்ட பழுப்பு பூசி, தூரிகையைத் துணியில் நன்றாகத் துடைத்துவிட்டு, மிச்சமிருந்த வெளிர்க் காவியை வாரின் ஓரங்களில் மட்டும் தேய்த்தார். பெருவிரல் அழுத்தும் இடம் வெளுத்தது. இடைவாரில் கொக்கி உரசும் இடத்தைக் கறுப்பாக்கினார். தோலுக்கு வெள்ளைப் புள்ளி கிடையாது. இரும்பை ஒளி காட்டுகிறது, தோலைத் தேய்மானம் காட்டுகிறது.

கொழுந்து எடுத்துவிட்டுத் திரும்பிய ஒரு பாட்டி கூடையை இறக்கி வைத்துவிட்டு உற்றுப் பார்த்தார். "நடந்த செருப்பாட்டம் இருக்குய்யா" என்றார். வர்ணக்காரர் நிமிர்ந்து, "ராத்திரியெல்லாம் காவலுக்கு நடக்கிறவருல்ல, ஆத்தா" என்றார்.

கோயில் நிர்வாகத்தில் சிலருக்குப் பளபளப்பு போதவில்லை. கவசத்துக்காவது தங்கப் பெயிண்ட் அடிக்கச் சொன்னார்கள். கிரீடத்துக்கு அடித்துத் தருகிறேன், கவசத்தைத் தொட வேண்டாம் என்று அவர் பொறுமையாகப் பேசி ஒத்துக்கொள்ள வைத்தார்.

பாக்கி இருந்தது வார்னிஷ். வாளுக்கும் கவசத்துக்கும் கேடயத்துக்கும் பளபளப்பு வார்னிஷ். வாருக்கும் செருப்புக்கும் மினுக்கமில்லாதது. இரண்டுக்கும் ஒரே மினுக்கு வந்துவிட்டால் அத்தனை வேலையும் வீண் என்று, உதவிக்கு நின்ற தோட்டத்துப் பையனிடம் இரண்டு டப்பாக்களையும் தனித்தனியே காட்டிச் சொன்னார். மதியத்துக்குள் மழை இறங்கிவிடும் போலிருந்தது. அன்றைக்குக் கேடயத்தோடு நிறுத்திக்கொண்டார்கள்.