மீஞ்சூரில் ஒரு உப்புக் கணக்கு

மீஞ்சூருக்குப் போக விசா தேவையில்லை. மூர் மார்க்கெட் ஸ்டேஷனில் கும்மிடிப்பூண்டி லோக்கலைப் பிடித்தால் போதும். எண்ணூர் தாண்டி கொசஸ்தலை ஆற்றுப் பாலத்தில் ரயில் தடதடக்கும்போதே காற்று உப்புக் கரிக்கும். மீஞ்சூர் வட்டாரத்தில் நிலத்தடி நீரும் அதே ரகம்தான். சென்னைக்காகவும், தொழிற்சாலைகளுக்காகவும், வயலுக்காகவும் உறிஞ்சு உறிஞ்சென்று உறிஞ்சியதில், காலியான இடத்துக்குக் கடல் குடிவந்துவிட்டது. கண்டுபிடித்தது 1969-ல். இன்னும் காலி செய்தபாடில்லை! 2010-லிருந்து பக்கத்துக் காட்டுப்பள்ளியில் கடல் நீரில் உப்பைப் பிரித்து, நாளொன்றுக்குப் பத்து கோடி லிட்டர் குடிநீராக்கும் ஆலை ஒன்று இருக்கிறது.

இப்பேர்ப்பட்ட ஊரில்தான் ரிட்டயரான என் சித்தப்பா, 'அக்வாபோனிக்ஸ்' ஆரம்பித்திருக்கிறார்.

விஷயம் சிம்பிள். தொட்டியில் மீன். பக்கத்தில் பாதியாக அறுத்த டிரம்களில் கருங்கல் ஜல்லி, அதில் செடி. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை ஜல்லியில் குடியிருக்கும் பாக்டீரியா நைட்ரேட்டாக்கும். அதைச் செடி சாப்பிட, தண்ணீர் சுத்தமாகி மறுபடி மீனுக்குத் திரும்பும். எல்லாம் கொல்லையில், தரையில்தான். ஆயிரம் லிட்டர் என்றால் ஒரு டன் சார்! மொட்டை மாடியில் வைத்தால் ஒரு நாள் மீன்கள் நேரே ஹாலுக்கு இறங்கி வந்துவிடும்.

முதலில் போர் தண்ணியை விட்டிருக்கிறார். பி.ஹெச். எட்டுக்கு மேல். வெண்டை இலையெல்லாம் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. தண்ணீரில் இரும்புச் சத்து இருந்தாலும் அந்த பி.ஹெச்.சில் செடியால் எடுத்துக்கொள்ள முடியாது. பேங்க்கில் பணம் இருந்தும் செக் புக் இல்லாத கதை. செடிக்கு ஆறு பிடிக்கும், பாக்டீரியாவுக்கு ஏழுக்கு மேல் பிடிக்கும், மீன் நடுவில் அட்ஜஸ்ட் செய்துகொள்ளும். கூட்டணி தர்மப்படி ஆறே முக்காலிலிருந்து ஏழு.

உப்பு அதைவிட வில்லங்கம். தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆகாது. குறைந்த தண்ணீருக்குப் பதில் மறுபடி போர் தண்ணி ஊற்றினால், பழைய உப்பின் தலையில் புது உப்பு. காமர்ஸ் படித்தவனுக்கு உடனே புரியும்: குளோஸிங் பேலன்ஸ் அப்படியே அடுத்த மாதத்துக்கு கேரி ஃபார்வர்டு. ரைட் ஆஃப் செய்ய ஒரே வழி, கொஞ்சம் தண்ணீரை வெளியே கொட்டி நல்ல தண்ணீர் விடுவது.

அதனால் சித்தப்பா மழைநீருக்கு மாறினார். 2003-ல் அரசாங்கம் கட்டாயமாக்கியபோது வேண்டாவெறுப்பாகப் போட்ட பைப் இப்போது கைகொடுத்தது. ஆனால் மழைநீருக்குப் பி.ஹெச்.சைப் பிடித்து நிறுத்தும் சக்தி கிடையாது. பாக்டீரியா வேலை செய்யச் செய்ய அமிலம் சேர்ந்து, சில வாரத்தில் ஆறுக்கு இறங்கிவிட்டது. இன்னும் இறங்கினால் பாக்டீரியா வேலைநிறுத்தம்! துணிப் பையில் கிளிஞ்சல் கட்டித் தொட்டியில் தொங்கவிட்டார். அமிலம் கூடினால் அது கரையும், குறைந்தால் சும்மா கிடக்கும். இவ்வளவு சமர்த்தான ஊழியரை நான் எந்த ஆபீஸிலும் பார்த்ததில்லை. (அவசரத்துக்குச் சமையல் சோடா போடலாமே என்பார்கள். வேண்டாம். அதில் வருவது சோடியம், அதாவது உப்பின் பாதி.)

நான் போன ஞாயிற்றுக்கிழமைதான் விவகாரம் முற்றியது. பன்னிரண்டு கோய் கெண்டைகளில் இரண்டின் மேல் ரவை தூவியது மாதிரி வெள்ளைப் புள்ளி. ஒட்டுண்ணி நோய். மருந்து, கல் உப்பு. லிட்டருக்கு மூன்று கிராம், ஆயிரம் லிட்டருக்கு மூன்று கிலோ.

சித்தப்பா உப்புப் பையோடு வர, சித்தி குறுக்கே நின்றாள்.

"ஏங்க, வெண்டை இப்பதான் பூ விட்டிருக்கு. தொட்டில உப்பைக் கொட்டினா அதுங்க கதி?"

"மீன் செத்தா உன் வெண்டைக்கு யாரு சோறு போடறது?"

இரண்டு பேர் சொன்னதும் நியாயம். பீட்ரூட் என்றால் உப்பைத் தாங்கும், வெண்டை அவ்வளவு தாங்காது. பீன்ஸ் சுத்தமாகத் தாங்காது.

கடைசியில் சித்தியின் யோசனைதான் ஜெயித்தது. மீன்கள் மொத்தமும் 200 லிட்டர் டிரம்முக்கு, காற்று மோட்டாரோடு. உப்பு 600 கிராம், மூன்று நாளில் மூன்று தவணை. டிரம்மில் ஃபில்டர் இல்லாததால் தினமும் 50 லிட்டர் மாற்ற வேண்டும். முழு அளவு வந்த பிறகு, வெளியே போகிற தண்ணீரோடு 150 கிராம் உப்பும் போகும், அதைத் திரும்பப் போட வேண்டும். இந்தக் கணக்கை ஒரு நோட்டில் டெபிட், கிரெடிட் கோடு போட்டு எழுதிக் கொடுத்தேன். பட்டம் வாங்கி இத்தனை வருஷத்தில் உருப்படியாகச் செய்த முதல் கணக்கு!

மீன் இல்லாத தொட்டியில் ஒட்டுண்ணி ஒட்ட ஆள் கிடைக்காமல் செத்துப்போகும். நம்ம ஊர் வெயிலுக்கு அது சீக்கிரமே நடக்கும். பாக்டீரியா மட்டும் பட்டினி கிடக்கக்கூடாது என்று சித்தப்பா தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனியைக் காலித் தொட்டியில் தூவினாராம், அழுகி அம்மோனியா ஆகட்டும் என்று. பக்கத்து வீட்டுக்காரர் மதில் மேலிருந்து எட்டிப் பார்த்து, "யாருக்கு சார் போடறீங்க?" என்று கவலையோடு கேட்டிருக்கிறார்.

இரண்டு வாரம் கழித்து போன் செய்தேன். இரண்டு மீன் போய்விட்டது, பத்து தேறித் தொட்டிக்குத் திரும்பிவிட்டது. டிரம் தண்ணீரைச் செடிப் பக்கமே கொண்டுபோகாமல் சாக்கடையில் விட்டார்களாம். பி.ஹெச். 6.8.

"வெண்டை?" என்றேன்.

"நேத்து சாம்பார்ல போட்டாச்சு, வா" என்றாள் சித்தி.