குரங்குக்குட்டியும் பூனைக்குட்டியும்



குற்றாலத்தில் சாரல் தொடங்கினால் கூட்டமும் குரங்கும் சேர்ந்தே வந்துவிடும். மெயினருவிப் பக்கம் தாய்க்குரங்கு தாவும்போது கவனித்திருப்பீர்கள், குட்டி வயிற்றோடு இறுகப் பிடித்திருக்கும். தாயின் கைகால் எல்லாம் தாவுவதில் இருக்கும். பிடித்துக்கொள்வது குட்டியின் பொறுப்பு. பூனை அப்படியில்லை. குட்டிக்குக் கண்கூடத் திறந்திருக்காது. தாயே கழுத்தைக் கவ்வி இடம் மாற்றும்.

இந்த இரண்டையும் வைத்து வைணவப் பெரியவர்கள் நூற்றாண்டுக்கணக்கில் வாதம் செய்திருக்கிறார்கள். இறைவனைப் பற்றிக்கொள்ள நம் முயற்சியும் வேண்டும் என்று வடகலையார் குரங்குக்குட்டியைக் காட்டினார்கள். எல்லாம் அவன் செயல் என்று தென்கலையார் பூனைக்குட்டியைக் காட்டினார்கள். பிரபந்தம் நடத்தும்போது வகுப்பில் சொல்லியிருக்கிறேன், சிலருக்காவது ஞாபகம் இருக்கும்.

கிறிஸ்தவர்களாகிய நாங்கள் எந்தக் கட்சி? கேட்டால் பூனைக் கட்சி என்போம். வாய் திறந்தால் கிருபை, கிருபைதான். நடப்பில் பெரும்பாலும் குரங்குக் கட்சி.

போன மாதம் பழைய மாணவன் ஒருவன் போனில் பேசினான். பெயர் வேண்டாம். நாற்பது வயதைத் தாண்டிவிட்டான். குடி. நான்கு வருடமாக இராப்போஜனம் எடுப்பதில்லை, இப்போது கோயிலுக்கே வருவதில்லை. "கொஞ்சம் சரியாகிட்டு வர்றேன் ஐயா. இப்படியே எப்படி வர்றது?" என்றான். போனில் முழுசாகச் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன். அவனும் வாசிப்பான்.

வேதாகமத்தின் இரண்டு பகுதிகளுக்கும் பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு என்று பெயர். உள்ளே வசனங்களில் பெரும்பாலும் 'உடன்படிக்கை' என்றுதான் வரும். உடன்படிக்கை என்றால் இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட வேண்டும். ஏற்பாட்டை ஒருவரே செய்துவிடலாம், கல்யாண வீட்டுச் சாப்பாட்டு ஏற்பாடு மாதிரி. ஆதியாகமம் 15ஆம் அதிகாரத்துக்கு 'ஏற்பாடு'தான் பொருத்தமான சொல் என்பது இந்தத் தமிழ் வாத்தியாரின் கட்சி.

அங்கே ஆபிராம் மூன்று வயதுக் கிடாரியையும் வெள்ளாட்டையும் ஆட்டுக்கடாவையும் இரண்டாகப் பிளந்து எதிரெதிரே வைக்கிறார். ஒப்பந்தம் செய்கிறவர்கள் அந்தத் துண்டுகளுக்கு நடுவே நடப்பது அந்தக் காலத்து வழக்கம். எரேமியா 34இலும் இது வருகிறது. 'வாக்குத் தவறினால் எனக்கும் இதே கதி' என்று அர்த்தம். ஆனால் பொழுது சாயும் நேரத்தில் ஆபிராம் அயர்ந்து தூங்கிப்போகிறார். புகைகிற சூளையும் நெருப்புமாகக் கடவுள் மட்டும் நடுவே கடந்து போகிறார். ஆபிராம் ஓர் அடிகூட எடுத்து வைக்கவில்லை. மீறினால் வரும் தண்டனையையும் கடவுள் தம்மேலேயே போட்டுக்கொண்டார், அதைத்தான் சிலுவையில் சுமந்தார் என்பது எங்கள் விசுவாசம்.

நம்ம சீமைக்காரர் எச்.ஏ. கிருஷ்ண பிள்ளையை உங்களுக்குத் தெரியும். 1827இல் பாளையங்கோட்டைப் பக்கம் கரையிருப்பில் வைணவக் குடும்பத்தில் பிறந்தவர், சாயர்புரத்தில் தமிழாசிரியராக இருந்தவர். 1858இல் ஞானஸ்நானம் பெற்றார். ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட மோட்சப் பிரயாணக் கதையைத் தழுவி 'இரட்சணிய யாத்திரிகம்' என்று காவியம் பாடி 1894இல் வெளியிட்டார். பனியனின் கதையில் கிறிஸ்தியான் முதுகில் ஒரு சுமையோடு அலைவான். ஒழுங்காக நடந்தே அதை இறக்கிவிடலாம் என்று யாரோ சொல்ல, ஒரு மலைப்பக்கம் போவான். மலை தலையில் விழுந்துவிடும் போலிருக்க, நடுங்கி நிற்பான். 'சரியாகிட்டு வர்றேன்' என்கிறவர்கள் எல்லோரும் போகிற வழி அது. கடைசியில் சிலுவையருகே வரும்போது சுமை தானாகக் கழன்று உருண்டு போகும். அவன் முடிச்சில் கைவைக்கவே இல்லை. சரணாகதி என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்த கிருஷ்ண பிள்ளைக்கு இந்த இடம் அந்நியமாகத் தெரிந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

அப்படியானால் குடித்துக்கொண்டே இருக்கலாமா என்று கேட்பீர்கள். இதே மாதிரிக் கேள்வியைப் பவுலும் ரோமர் 6இல் எடுத்து, கூடவே கூடாது என்கிறார். குட்டியைக் கவ்வுகிற பூனை அதை அங்கேயே போட்டுவிட்டுப் போவதில்லையே! தம்பி, டாக்டரிடம் போ, மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடு, வீட்டில் பட்டது போதும், மனைவியிடம் உட்கார்ந்து பேசு. ஆனால் அதையெல்லாம் முடித்த பிறகுதான் ஆண்டவர் என்று வரிசை போடாதே.

மேவிபோசேத்தை ஓய்வுநாள் பள்ளியிலேயே படித்திருப்பாய். சவுலின் பேரன். ஐந்து வயதில் தாதி தூக்கிக்கொண்டு ஓடும்போது விழுந்து இரண்டு காலும் முடமாகிப் போனவன். தாவீது ராஜா அவனை லோதேபாரிலிருந்து வரவழைத்ததற்கு அவனுடைய தகுதி காரணமில்லை. அவன் அப்பா யோனத்தானோடு முன்பே செய்திருந்த உடன்படிக்கை காரணம். அவன் பேருக்கு அதில் கையெழுத்துகூடக் கிடையாது. அன்றுமுதல் ராஜாவின் பந்தியில்தான் சாப்பாடு. 2 சாமுவேல் 9ஆம் அதிகாரத்தின் கடைசி வசனத்தை எடுத்துப் பார். பந்தியில் உட்கார்ந்த பிறகும் அவனுக்கு இரண்டு காலும் முடம் என்றுதான் எழுதியிருக்கிறது.

ஞாயிறு காலை ஆராதனைக்கு நான் கடைசி வரிசையில், தூணுக்குப் பக்கத்தில் இருப்பேன். அங்கே ஃபேன் காத்தும் நல்லா வரும்.