முதுகுக்குப் பின்னால் ஒரு சிவப்பு லைட்!

பஸ்ஸில் என்ன கோளாறு வந்தாலும் டிரைவருக்குத் தெரிஞ்சிடும். ஹாரன் கத்தலைன்னா தெரியும். வைப்பர் ஓடலைன்னா தெரியும். கிளட்ச் மக்கர் பண்ணினா காலே சொல்லிடும். ஆனா, பின்னாடி பிரேக் லைட் எரியுதா இல்லையாங்கிறது மட்டும் அவர் சீட்டில் இருந்து தெரியாது. அது தெரிவது பின்னால் பைக்கில் வரும் நமக்குத்தான். அதுவும் சில நேரம் ரொம்ப லேட்டா!

எங்க காலேஜ் பஸ் வரும் அதே ரூட்டில்தான் தினமும் என் பைக்கும் போகும். போன செமஸ்டரில் ஒருநாள் முன்னால் போன பஸ் சட்டுனு நின்றது. சிவப்பு வெளிச்சம்... ம்ஹூம்! பின்னால் இருந்த ஃப்ரெண்ட் போட்ட கத்தலில் வண்டியை ஒடித்து மண்ணில் இறக்கினேன். ரெண்டு பேருக்கும் சிராய்ப்போடு போச்சு.

டிரைவர் அண்ணன்கிட்ட சொன்னதும் பதறிட்டார். உடனே பல்பு மாத்தினாங்க. ஒரு வாரம் எரிஞ்சுது, மறுபடி அவுட். அதே வருஷம் வாங்கின இன்னொரு பஸ்ஸிலும் அதே கதை! "பல்பு மேல தப்பில்ல தம்பி. பிரேக் அடிச்சா லைட்டுக்குக் கரன்ட் விடுற சுவிட்ச்லதான் கோளாறு" என்றார் மெக்கானிக் அண்ணன்.

இங்கேதான் விஷயம் இருக்கு. ஒரு பஸ்ஸில் பல்பு ஃபியூஸ் போனால் அது பராமரிப்பு. ஒரே மாடல் வண்டிகளில் ஒரே பார்ட் வரிசையாகக் காலை வாரினால், தப்பு தயாரிப்பிலேயே இருக்கலாம். அதுக்கு மருந்து 'ரீகால்'. அதாவது, அந்த மாடல் வண்டிகளைத் திரும்ப அழைத்து, கம்பெனியே தன் செலவில் சரிசெய்து தருவது.

நம்ம நாட்டில் 2012 முதல் கம்பெனிகள் தாங்களாக முன்வந்து ரீகால் செய்து வந்தன. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி 110ஏ பிரிவைச் சேர்த்தார்கள். அதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கின்றன. அரசே ரீகாலுக்கு உத்தரவு போடலாம். அபராதம் 1 கோடி ரூபாய் வரை போகும். வண்டியில் இருப்பவர்களுக்கு மட்டுமல்ல, சாலையில் போகும் மற்றவர்களுக்கு ஆபத்து என்றாலும் இந்தப் பிரிவு பொருந்தும். அந்த 'மற்றவர்கள்' நாமதான் பாஸ்!

ஆனா, ஒரு சிக்கல். இத்தனை சதவிகித ஓனர்கள் புகார் தரணும்னு ஒரு கணக்கு இருக்கு. ஷெட்டில் சத்தமில்லாமல் பல்பை மாத்திக்கிட்டே இருந்தா, அந்தக் கோளாறு எந்தக் கணக்கிலும் ஏறாது. அதனால் எங்க டிரைவர், மெக்கானிக் ரெண்டு பேரும் தேதிவாரியாக எழுதிக் கொடுத்தாங்க. அதை காலேஜ் ஆபீஸில் இருந்து கம்பெனிக்கு லெட்டராக அனுப்பியிருக்காங்க. பதிலுக்கு வெயிட்டிங்.

60 கி.மீ. வேகத்தில் போகும் பைக், ஒரு செகண்டில் கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடிடும். ஒரு பஸ்ஸின் நீளத்தைவிட அதிகம். அந்த ஒரு செகண்டை நமக்குத் தருவதுதான் அந்தச் சின்ன சிவப்பு லைட்டின் வேலை.

ஸோ ஃப்ரெண்ட்ஸ், பிரேக் லைட் எரியாத பஸ்ஸைப் பார்த்தா, திட்டிட்டு ஓவர்டேக் பண்ணிப் போயிடாதீங்க. நம்பரைக் குறிச்சுக்கிட்டு டிப்போவிலோ காலேஜ் ஆபீஸிலோ சொல்லுங்க. முடிஞ்சா எழுத்திலேயே கொடுங்க. வாயால சொன்னா பல்பு மாறும். எழுதிக் கொடுத்தா சுவிட்சே மாறலாம்!