பெரும்பாக்கத்துக்கு ஒரு காய்கறிக் கடை

மேடவாக்கத்தை அடுத்த பெரும்பாக்கத்தில், கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்து, குறிப்பாக 2015 பெருவெள்ளத்துக்குப் பின், பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வசிக்கின்றன. ரேஷனில் அரிசி இலவசமாகவும், துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும், பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் கிடைப்பதால் பசி பெருமளவு தணிந்திருக்கிறது என்பது சத்தியமே; ஆயினும் சென்னை நகரின் நடுவே வசித்த காலத்தில், வேலை முடிந்து திரும்பும் வழியிலேயே அந்திச் சந்தையில் மலிவாகக் காய் வாங்கிய அந்த ஜனங்களுக்கு, இன்று கீரையும் பழமும் எட்டாப் பொருளாகிவிட்டதே என்பதுதான் என் விசாரம்.

மேடவாக்கம் கூட்டுரோட்டில் ஒரு மாலை நான் கண்ட பெண்மணி, முருங்கைக்கீரைக் கட்டைக் கையிலெடுத்து, விலை கேட்டு, ஷேர் ஆட்டோவுக்கு வேண்டிய சில்லறையை எண்ணிப் பார்த்து, கட்டைத் திரும்ப வைத்துவிட்டு, நாலு தக்காளியும் கொசுறாகக் கறிவேப்பிலையும் வாங்கிச் சென்றார்.

2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காய்கறி சாம்பாரோடு பொங்கலும் கிச்சடியும் தருகிறது, மகத்தான காரியம். ஆனால் அந்தப் பிள்ளைகளின் தாய்க்கும் பாட்டிக்கும் யார் தருவது?

1999-இல் அதே மதுரையில் பிறந்த உழவர் சந்தை, இடைத்தரகரின்றி விவசாயி நேரே விற்கலாம் என்று நிரூபித்தது. 2013-இல் கூட்டுறவுத் துறை பண்ணைப் பசுமைக் காய்கறிக் கடைகளைத் திறந்தது. அத்தகைய கடை ஒன்றை, கூலிவேலைக்குப் போனவர்கள் வீடு திரும்பும் ஆறு மணிக்கு மேல் திறந்திருக்கும்படி, குடியிருப்பின் வாசலிலேயே, அங்குள்ள மகளிர் சுயஉதவிக் குழுவின் பொறுப்பில் நிறுவ வேண்டுமென்று சம்பந்தப்பட்ட அதிகாரிகளை இப்பதிவின் வாயிலாக வேண்டிக்கொள்கிறேன்.