பேதியுப்பும் இருபது நிமிஷமும்

பேதியுப்பு என்றாலே முகத்தைச் சுளிப்பவர்கள் உண்டு. அதையே வெந்நீரில் கரைத்து, உடம்பை ஊறவைத்தால் மனப் பாரம் இறங்கும் என்கிறார்கள் மேல்நாட்டார். இங்கிலாந்தில் எப்ஸம் என்ற ஊரின் கசப்பு நீரைக் காய்ச்சி முதலில் எடுத்ததால் 'எப்ஸம் ஸால்ட்' என்று பெயர். நெஹெமியா க்ரூ என்ற அறிஞர் 1695-ல் இந்த உப்பைப் பற்றி ஒரு நூலே எழுதினார். ரசாயனப் பெயர், மக்னீஷியம் ஸல்பேட்.

உப்பு தோல் வழியே புகுந்து நரம்புகளைத் தளர்த்துகிறது என்பதற்குத் திடமான சான்று இல்லை. வெந்நீரின் குணம் மட்டும் நிச்சயம்: ரத்தக் குழாய்கள் விரியும், இறுகிய தசைகள் இளகும்.

நம் வீடுகளில் குளியல் தொட்டிக்கு எங்கே போவது? இதழ் அச்சுக்குப் போகும் இரவுகளில் எனக்கு ஒரு வாளி போதும். பொறுக்கும் சூட்டில் வெந்நீர், ஒரு பிடி உப்பு, இருபது நிமிஷம். அதற்குள் குழந்தைகள் என்னை நெருங்காமல் பார்த்துக்கொள்வாள் என் மனைவி. செல்போனும் அவள் வசம்.

போன வாரம் அந்த வாளியை அவள் முன்னால் வைத்தேன்.

"அடுப்பிலே பால் இருக்குங்க!" என்று எழுந்தாள்.

"பாலை நான் பார்த்துக்கறேன், உட்கார்."

ஐந்தாவது நிமிஷத்தில், நாற்காலியிலேயே கண்ணயர்ந்துவிட்டாள்!

நீரிழிவு உள்ளவர்களுக்குப் பாதத்தில் சூடு தெரியாமல் போகலாம். அவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதில் இறங்க வேண்டாம். மற்றவர்களுக்கு, உப்பு மருந்துக் கடையில் கிடைக்கும். அந்த இருபது நிமிஷத்தை வீட்டில் இருப்பவர்கள்தான் கொடுக்க வேண்டும்.