திறந்த தட்டில் ஒயின் கோப்பைகள்

புனேயில் வாடகைக்கு எடுத்திருக்கும் வீட்டுக்காகச் சென்ற மாதம் நான்கு ஒயின் கோப்பைகள் வாங்கினேன். நாசிக்கின் திராட்சைத் தோட்டங்களுக்கு ஒரே நாளில் சென்று திரும்பக்கூடிய இவ்வூரில் அது ஒரு செய்தியே அன்று. எனக்கோ கடைக்குள் நுழையவே மூன்று வாரங்கள் ஆயின.

அப்பா குடித்ததெல்லாம் வீட்டுக்கு வெளியேதான், மெல்லிய பிளாஸ்டிக் தம்ளரில். அதைக் கசக்கி எறிந்துவிட்டுப் பாக்கு மென்றபடி வருவார். எங்கள் வீட்டில் மதுவுக்கென்று ஒரு கலம் இருந்ததில்லை. எனவே அளவும் இருந்ததில்லை. ‘எவ்வளவு?’ என்று அம்மா கேட்கும்போதெல்லாம் அப்பா பேச்சை மாற்றிவிடுவார்.

கடைக்காரர் முதலில் நீட்டியது பட்டை தீட்டிய கனத்த கோப்பை. பெட்டியில் ‘கிரிஸ்டல்’ என்றிருந்தது. மொழியியல் மாணவனுக்கு அச்சொல் உறுத்தும். படிகத்துக்குரிய அணு ஒழுங்கு கண்ணாடிக்குக் கிடையாது. அது வணிகம் சூட்டிய பெயர். ஐரோப்பிய விதிப்படி ‘ஈயப் படிகம்’ என்றழைக்க 24 விழுக்காடு ஈய ஆக்சைடு வேண்டும். மினுக்கையும் கனத்தையும் தருவது அந்த ஈயமே. புளிப்புள்ள ஒயினில் மெல்லக் கரைவதும் அதுவே. ஒரு வேளை அருந்துவதற்குள் கரைவது சொற்பம், குடுவையில் நாள்கணக்கில் ஊற்றிவைப்பதுதான் கேடு. ஆயினும், ஈயமற்ற நல்ல கண்ணாடி கிடைக்கும்போது இது எதற்கு?

விளிம்பை விரலால் தடவிப் பார்த்தேன். மலிவானவற்றில் அங்கே உருண்ட வரம்பு தட்டுப்படும். வெட்டி மெருகிட்ட மெல்லிய விளிம்பே நன்று. வயிறு அகன்று வாய் குறுகியிருந்தால் மணம் உள்ளே தங்கும். மூன்றில் ஒரு பங்கு மட்டும் ஊற்றுவதும் அதற்காகத்தான். சிவப்புக்கு ஒன்று, வெள்ளைக்கு ஒன்று என விற்பதில் எனக்கு நம்பிக்கையில்லை. சுவைத்து மதிப்பிடுவதற்கென 1977இல் வகுக்கப்பட்ட பன்னாட்டுத் தரக் கோப்பை எல்லா ஒயினுக்கும் ஒன்றே. கொள்ளளவு சுமார் 215 மில்லிலிட்டர். அவ்வடிவில் சற்றே பெரியதை வாங்கினேன். (ஒன்று அதற்குள் உடைந்துவிட்டது. கழுவும்போது அடித்தட்டைப் பிடித்துக்கொண்டு வயிற்றைத் திருகக் கூடாது, தண்டு முறிந்துவிடும்.)

அடுத்த வாரம் அம்மா வருகிறார். கோப்பைகளைப் பரணில் ஏற்றிவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். இப்போது மூன்றும் அடுக்களையின் திறந்த தட்டில், எவர்சில்வர் தம்ளர்களுக்குப் பக்கத்தில் இருக்கின்றன. என்னவென்று கேட்டால் சொல்வேன். எவ்வளவு என்று கேட்டால் அதையும் சொல்வேன்.