மறுமை உண்டா என்று கேட்கும் பிள்ளைகளுக்கு

என்னிடம் படித்த பிள்ளைகள் பலருக்கு இன்று தலை நரைத்துவிட்டது. அவர்களுடைய பிள்ளைகள் என்னைப் பார்க்க வருகிறார்கள். காலம் மாறியதில் எத்தனையோ கேள்விகள் மாறிவிட்டன. ஒன்று மட்டும் மாறவில்லை. கடவுள் இருக்கிறாரா, செத்த பிறகு ஏதாவது உண்டா? கேட்பவர் முகத்தைப் பார்த்தாலே அந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறதென்று தெரிந்துவிடும். சிலர் நண்பர்களிடம் வாதாடி ஜெயிக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். சிலர் வீட்டில் அண்மையில் ஒரு சாவு விழுந்திருக்கும். இரு சாராருக்கும் நான் சொல்வது ஒன்றுதான். இந்தக் கேள்வி உங்கள் ஆயுளுக்குள் தீராமல் போகலாம். தீராத கேள்வியோடு வாழ்வதற்கு நெஞ்சுரம் வேண்டும். அது தீரட்டும் என்று சொல்லி, பக்கத்தில் இருப்பவருக்குச் செய்ய வேண்டியதைத் தள்ளிப்போடக் கூடாது.

சந்தேகப்படுவதே பாவம் என்று சொல்லி வளர்க்கப்பட்ட பிள்ளைகள் உங்களில் இருப்பீர்கள். உங்களுக்காகக் கோப்பெருஞ்சோழனின் கதையைச் சொல்கிறேன். பெற்ற மக்கள் இருவரும் அவன்மீதே படையெடுத்து வந்தார்கள். சினந்து போருக்கு எழுந்தவனைப் புல்லாற்றூர் எயிற்றியனார் என்ற புலவர் தடுத்தார். வென்றால் இந்த நாட்டை யாருக்குக் கொடுக்கப் போகிறாய், தோற்றால் பழி உனக்குத்தானே என்று கேட்டார். சோழன் போரைக் கைவிட்டான்; வடக்கிருந்து உயிர்விட முடிவு செய்தான். அந்த நிலையில் அவன் பாடிய பாட்டு புறநானூற்றில் 214ஆம் பாடலாக இருக்கிறது. நல்வினை செய்யலாமா வேண்டாமா என்று தயங்குவோரைப் பார்த்து அவன் பேசுகிறான். செய்த நன்மைக்குப் பயன் உண்டென்றால் மேலுலக இன்பம் கிடைக்கலாம். அது இல்லையென்றால் மறுபடி பிறக்காத நிலையாவது கிடைக்கலாம். மறுபிறப்பு என்பதே இல்லையென்றாலும், புகழை நிறுத்திவிட்டுப் பழியில்லாத உடம்போடு சாவது மிக நல்லது.

இதை அவன் எப்போது சொன்னான் என்பதை எண்ணிப் பாருங்கள். அரியணையில் சாய்ந்துகொண்டு பொழுதுபோக்காகச் சொல்லவில்லை. உண்ணாமல் வடக்கு நோக்கி உட்காரத் துணிந்தவன், சாவைக் கண்முன்னே கண்டவன் பேசுகிறான். அப்போதும் மேலுலகம் நிச்சயம் என்று தன்னை ஏமாற்றிக்கொள்ளவில்லை. இல்லவே இல்லை என்று அடித்துப் பேசவுமில்லை. உண்டு என்றாலும் இல்லை என்றாலும் செய்ய வேண்டியது ஒன்றுதான் என்று கண்டுகொண்டு, அந்த ஒன்றில் கால் ஊன்றி நின்றான். இத்தனை வருடம் படித்ததில் இதைவிடத் துணிவான பேச்சை நான் கண்டதில்லை.

அவன் ஒருவன் மட்டுமல்ல. வள்ளல் ஆயைப் பாடிய முடமோசியார், மறுமைக்கு ஆகும் என்று கணக்குப் போட்டு அறத்தை விலைக்கு விற்கிற வணிகன் அல்லன் அவன் என்றார். பேகனின் கொடை மறுமையைப் பார்த்தது அல்ல, பிறர் வறுமையைப் பார்த்தது என்றார் பரணர். மேலுலகம் இல்லை என்று சொன்னாலும் கொடுப்பது நல்லது என்று ஈகை அதிகாரத்தில் வள்ளுவர் எழுதி வைத்தார். இவர்கள் எல்லாரும் நாத்திகர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. கூலி எதிர்பாராத அறம் ஒன்று உண்டு என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

வாதம் செய்யாதீர்கள் என்றும் நான் சொல்லமாட்டேன். நம் மண்ணில் சமயவாதம் நெடுங்காலக் கலை. மணிமேகலை வஞ்சி நகரில் பல சமயக் கணக்கர்களிடம் போய் ஒவ்வொருவர் கொள்கையையும் பொறுமையாகக் கேட்கிறாள். கண்ணால் கண்டதே சான்று, இந்தப் பிறவியோடு எல்லாம் முடிந்தது என்று சொல்லும் பூதவாதியையும் விடாமல் கேட்கிறாள். கேட்ட பிறகே, உன் தாய் தந்தையரை அனுமானம் இல்லாமல் எப்படி அறிந்தாய் என்று மறுக்கிறாள். அருணந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியாரை எழுதியபோது, சைவத்தைச் சொல்லும் சுபக்கத்துக்கு முன்னால் பரபக்கம் என்று ஒரு பகுதியே வைத்தார். பிற மதங்களை அவரவர் கொள்கைப்படி சொல்லிவிட்டு, அதற்குப் பிறகு மறுப்பதுதான் அதன் முறை. அந்த வரிசையில் முதலில் நிற்பவன் உலகாயதன். கடவுளும் மறுமையும் இல்லை என்ற அந்தப் பழைய உலகாயதரின் சொந்த நூல்கள் பெரும்பாலும் அழிந்துவிட்டன. அவர்கள் என்ன சொன்னார்கள் என்பதை இன்று நாம் தெரிந்துகொள்வது, அவர்களை மறுத்தவர்கள் எழுதி வைத்ததால்தான். எதிராளியின் பேச்சை அவனே தலையாட்டும்படி எடுத்துச் சொல்லத் தெரியாதவன், அவனோடு வாதம் செய்ய இன்னும் தகுதி பெறவில்லை.

இந்த ஒழுங்கு தவறினால் என்ன ஆகும் என்பதற்கும் நம் ஊரிலேயே சாட்சி உண்டு. ஆறுமுக நாவலர், வடலூர் வள்ளலார் இருவரையும் நான் வணங்குகிறேன். ஒருவர் தமிழ் உரைநடைக்கும் சைவக் கல்விக்கும் உயிர் கொடுத்தவர். மற்றவர் பசியைப் பிணி என்று கண்டு, 1867இல் வடலூரில் தருமச்சாலை அடுப்பை மூட்டியவர். வள்ளலார் பாடியது அருளில் பிறந்த அருட்பாவா, மயக்கத்தில் பிறந்த மருட்பாவா என்று இருவர் தரப்புக்கும் இடையே எழுந்த சச்சரவு முற்றி, 1869இல் கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை போனது. இரு தலைவரும் மறைந்த பிறகும் அவர்கள் வழி வந்தோர் பல்லாண்டு கண்டன நூல்கள் அச்சிட்டுக்கொண்டிருந்தார்கள். அவற்றுள் சிலவற்றின் நடையை இன்று வாய்விட்டுப் படிக்கக் கூசும். அந்தச் சண்டையில் என் மனத்துக்கு இதம் தருவது ஒன்று உண்டு. வள்ளலார் பாடல்கள் அருட்பாதான் என்று மேடையேறி வாதாடியவர்களில் இடலாக்குடி செய்குத்தம்பிப் பாவலர் என்ற இஸ்லாமியப் புலவரும் இருந்தார். இன்னொரு சமயத்தவர் பாட்டின் சுவையை அறிய அவருக்குத் தம் சமயம் தடையாக இருக்கவில்லை. தருமச்சாலை அடுப்பு இன்றும் எரிகிறது. பசித்து வருபவரிடம் அங்கே யாரும் சமயம் கேட்பதில்லை.

சாவு வீட்டுத் திண்ணையும் வாதம் செய்யும் இடம் அல்ல. எங்கள் தெருவில் ஒரு தாயின் ஒரே மகன் ஆற்றில் போய்விட்டான். துக்கம் கேட்க வந்த பெரியவர் ஒருவர், எல்லாம் போன ஜென்மத்துக் கணக்கம்மா என்றார். ஆறுதல் சொல்வதாகத்தான் அவர் நினைத்தார். அந்தப் பெண்ணின் காதில் அது, நீ செய்த பாவத்துக்கு உன் பிள்ளை போனான் என்று விழுந்தது. சில நாள் கழித்து அவள் மகனுக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைத்தபோது, கல்லூரியில் படித்த உறவுக்காரப் பையன், செத்தவன் வந்து சாப்பிடப் போகிறானா அத்தை என்று கேட்டான். அறிவு பேசுவதாகத்தான் அவனும் நினைத்தான். இரண்டும் ஒரே காயத்தில்தான் குத்தின. எதிர்வீட்டு ஆயா மட்டும் எதுவும் பேசவில்லை. தினமும் பொழுது சாயும்போது வந்து, அணைந்து கிடந்த அடுப்பில் சுள்ளியை வைத்து ஊதிக் கஞ்சி காய்ச்சுவாள். அந்தத் தாய் குடித்து முடிக்கும்வரை முற்றத்தில் உட்கார்ந்திருப்பாள். மாதக்கணக்கில் இது நடந்தது. மறுமை பற்றி ஆயாவின் எண்ணம் என்ன என்று எனக்குத் தெரியவே தெரியாது.

இப்போது பிள்ளைகள், செத்துப் பிழைத்தவர்களின் வீடியோக்களைக் கொண்டுவந்து காட்டுகிறார்கள். அறிவியல் ஆசிரியராக இருந்தவன் என்பதால் அவற்றைப் பொறுமையாகவே பார்க்கிறேன். அவர்கள் சொல்வதைச் சோதித்துப் பார்க்க முயன்ற மருத்துவர்கள் இருக்கிறார்கள். சாம் பார்னியா தலைமையில் மூன்று நாடுகளில் 15 மருத்துவமனைகளில் ஓர் ஆய்வு நடந்து, 2014இல் அதன் முடிவு வெளியானது. மேலே கூரையிலிருந்து பார்த்தால் மட்டுமே தெரியும்படி உயரத்தில் தட்டு அடித்து, அதில் படங்களை வைத்தார்கள். உடலைவிட்டு உயிர் மிதந்து பார்க்கிறது என்றால் படத்தையும் பார்க்க வேண்டுமல்லவா? இதயத் துடிப்பு நின்ற 2060 நிகழ்வுகளைக் கணக்கில் எடுத்தார்கள். பிழைத்தவர்களில் 140 பேரிடம் பேச முடிந்தது. நடந்ததைப் பார்த்ததாகவும் கேட்டதாகவும் விவரமாகச் சொன்னவர்கள் இரண்டே பேர். அந்த இருவருக்கும் துடிப்பு நின்றது தட்டு இல்லாத இடங்களில். ஆகவே எந்தப் பக்கத்துக்கும் தீர்ப்பு கிடைக்கவில்லை. இதை வைத்து உயிர் உண்டென்று நிரூபணமாகிவிட்டது என்று முழங்குவோரும், கதை முடிந்தது என்று முழங்குவோரும் அந்த ஆய்வை முழுதாகப் படிக்காதவர்கள். இத்தனை உழைத்தும் விடை வராதபோது, வரவில்லை என்று எழுதி வெளியிட்ட மருத்துவர்களின் நேர்மையைப் பாருங்கள்.

நம்பிக்கையும் மறுப்பும் ஒரு கூரையின்கீழ் வாழ முடியும் என்பதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் தந்தை சிவபூசை செய்யாமல் பச்சைத்தண்ணீர் குடிக்காதவர். என் அண்ணன் பதினெட்டு வயதில் கறுப்புச் சட்டை போட்டவர். இருவரும் சாப்பாட்டு நேரத்தில் செய்த வாதங்கள் தெருமுனை வரை கேட்கும். எங்கள் அம்மா குழம்புச் சட்டியை நடுவில் கொண்டுவந்து வைத்தால்தான் ஓயும்.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. பார்வையும் மங்கிவிட்டது. நான் வெளியூரில் வேலையில் இருந்தேன், பார்த்துக்கொண்டவர் அண்ணன்தான். படுக்கைப்புண் வராமலிருக்க வாழை இலையை நறுக்கி அப்பாவின் முதுகுக்கடியில் விரிப்பார். இரவில் எழுந்து எழுந்து புரட்டிப் படுக்கவைப்பார். விடுமுறைக்கு வந்த ஒரு சாயங்காலம் வாசல்படியில் நின்றுவிட்டேன். உள்ளே அண்ணன் கட்டிலருகே முக்காலியில் உட்கார்ந்து அப்பாவுக்குத் திருவாசகம் படித்துக்கொண்டிருந்தார். ஓரிடத்தில் சீர் பிரித்தது தவறிப்போனது. பேச்சு குழறும் அப்பா, இடக்கை விரலால் கட்டில் சட்டத்தை இரண்டு தட்டு தட்டினார். அண்ணன் மறுபேச்சில்லாமல் அந்த அடியைத் திரும்பப் படித்தார். தினமும் இப்படித்தான் நடக்கும் என்று அம்மா சொன்னார்.

பிறகு தனியாக இருந்தபோது கேட்டேன். “நான் நம்பலேங்கிறது அவருக்குத் தெரியும். அவரு நம்புறாருங்கிறது எனக்குத் தெரியும். அப்புறம் என்ன?” என்றார் அண்ணன்.

அப்பாவும் தம் பங்குக்கு ஒன்று செய்தார். தகப்பனுக்கு மூத்தவன்தான் கொள்ளி வைக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அண்ணன் அதைச் செய்யமாட்டார், செய்தாலும் மனம் கசந்துதான் செய்வார் என்பது அவருக்குத் தெரியும். ஒருநாள் எங்கள் இருவரையும் அழைத்து, குழறிய வாயால் நிதானமாகச் சொன்னார்: “சின்னவன் கொள்ளி வைக்கட்டும். பெரியவன் தலைமாட்டுல தோள் குடுக்கட்டும்.” மறுமையை முழுதாக நம்பிய மனிதர் அவர். தம் கரையேற்றத்துக்கு எது தேவை என்று நம்பினாரோ, அதையே மகனுடைய நேர்மைக்காகத் தளர்த்திக் கொடுத்தார். பங்காளிகள் முற்றத்தில் கூடிக் கூச்சல் போட்டார்கள். நாங்கள் அப்பா சொன்னபடியே செய்தோம். மூத்தவன் படித்த பாட்டையும் சின்னவன் வைத்த கொள்ளியையும் எடை போட்டு எது பெரிது என்று சொல்ல எனக்கு இன்றும் தெரியவில்லை; தெரிய வேண்டிய தேவையும் இல்லை.

அண்ணன் காலம் முடிவதற்கு முன்பே தம் உடலை மருத்துவக் கல்லூரிக்கு எழுதி வைத்துவிட்டார். அண்ணி வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவர். அண்ணன் போன அன்று, கொள்ளி இல்லாமல் உயிர் எப்படிக் கரையேறும், நீயாவது தடுக்கக் கூடாதா என்று உறவினர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். அண்ணி வண்டியை வரச் சொல்லி, காகிதத்தை வாங்கி, எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டுப் போட்டார். “அவரு கேட்டது இது. என் சாமிகிட்ட நான் பேசிக்கிறேன்” என்றார். இப்போது அமாவாசைதோறும் அண்ணனுக்குப் படைத்துக் காக்கைக்குச் சோறு வைக்கிறார். அப்பனைப் போலவே எதையும் நம்பாத அவர் மகன், முந்தின நாளே சந்தைக்குப் போய் வாழை இலையும் காய்கறியும் வாங்கி வந்து தருகிறான்.